லெட்டர் எங்கடா?

செஞ்சிக் கோட்டையை மராட்டியர் பிடித்தார்கள், மொகலாயர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், கடைசியில் இங்கிலீஷ்காரரும் பிடித்தார்கள். அதே ஊரில் டைப் டீச்சரை மட்டும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. டீச்சருக்கும் யாரையும் பிடிக்காது. அந்த வகையில் பாக்கி ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே தாலுகா ஆபீசில் தற்காலிகத் தட்டச்சனாக இருந்தேன். டைப்பில் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டிருந்தேன். அதனால் தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கடைத்தெருவில் ஒரு மாடிப்படி ஏறுவேன். மாடியில் டீச்சரின் இன்ஸ்டிடியூட். ஒன்பது மிஷின், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மர ஸ்கேல்.

டீச்சருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், மடித்து வைத்த நோட்டீஸ் போல விறைப்பாக இருப்பார். கல்யாணம் ஆகவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், மிஷின் நம்பர்தான். நான் ஏழு. "ஏழு, கட்டை விரல் இன்னா தூங்குதா?" என்பார். பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். சின்ன வயதிலிருந்து முப்பது வயதுவரை கோயில் பாடகர் குழுவில் இருந்தாராம். ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் 'சமாதானம்' என்ற சொல்லை அவர் பாடிய வேகத்தில் முன்வரிசைக் கைக்குழந்தைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதிருக்கின்றன. சாமியார் பக்குவமாக, "கொஞ்ச நாளு ஓய்வு எடுத்துக்கோம்மா" என்றார். அந்த ஓய்வு இருபத்தைந்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோபமும்தான்.

கீழே, படிக்கட்டை ஒட்டி ரேடியோ பாயின் ரிப்பேர் கடை. பாய்க்கு அறுபது. அவர் பேசி நான் கேட்க மூன்று மாதம் ஆனது. ரேடியோவைக் கொண்டு வைத்தால் புருவத்தைத் தூக்குவார், "இன்னா கோளாறு?" என்று அர்த்தம். இறக்கினால், "வியாழக்கிழமை வா." டிரான்சிஸ்டர் செட் கொண்டு வந்தால் இரண்டு புருவமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அவருக்கு வால்வு செட் மட்டும்தான் ரேடியோ. மற்றதெல்லாம் சோப்பு டப்பா.

ரிப்பேர் செய்த செட்டை அவர் சோதிக்கிற விதம் ஒன்று உண்டு. சிற்றலையில் எங்கோ கண் காணாத தேசத்திலிருந்து வரும் பழைய கிட்டார் பாட்டு நிகழ்ச்சியைத் தேடிப் பிடிப்பார். அது முழு சத்தத்தில் உடையாமல் கேட்டால் செட் பாஸ். அந்தச் சத்தம் மரத்தளம் வழியாக மேலே வரும். மேலே ஒன்பது பேரும் எங்களை அறியாமல் அந்தத் தாளத்துக்கு அடிக்க ஆரம்பித்துவிடுவோம். வேகம் ஏறும். பிழையும் ஏறும். ஒருநாள் டீச்சர் ஸ்கேலோடு கீழே இறங்கினார். பாய் இன்று செத்தார் என்று நாங்கள் ஒன்பது பேரும் படியில் நின்று பார்த்தோம்.

"பாய், இது இன்னா பாட்டு?"

"ராக்குன்னு சொல்லுவாங்க டீச்சரம்மா. பழசு. நான் வாலிபத்துல கேட்டது."

"பாடுறவனுக்கு யாரு மேல இவ்ளோ கோவம்?"

"தெரியலீங்க. எனக்கு இங்கிலீசு புரியாது."

"எனக்குப் புரியும். இங்கிலீசு வுடு, கோவம் புரியுது."

அவ்வளவுதான். டீச்சர் யாரையும் திட்டாமல் மாடியேறினார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுவாரம் பாய் கடையின் உள்ளறையிலிருந்து பழைய லுங்கியில் சுற்றிய ஒரு சாமானை எடுத்து டீச்சரிடம் காட்டினார். அவரே செய்த மின்சார கிட்டார். பலா மரக் கதவுப் பலகையில் உடம்பு, உடைந்த டெலிபோன் ரிசீவரிலிருந்து காந்தம், வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்து ஆம்ப்ளிஃபையர். இருபது வருஷமாகக் கடையை அடைத்துவிட்டு மத்தியானத்தில் தனியாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். மனைவிக்குக்கூடத் தெரியாது. தந்தியில் அவருக்குத் தெரிந்தது மூன்றே பிடிதான். "நாலாவது எதுக்கு? கடைல சாமான் ஜாஸ்தி வச்சா தூசிதான்" என்பார்.

டீச்சர் பாட்டு எழுதினார். பாய் மெட்டுப் போட்டார். டீச்சர் பாடுவார், பாய் கூடவே தாழ்ந்த குரலில் இரண்டாம் குரல் பிடிப்பார். எதிர்க் கடையில் கேசட்டுக்காரன் டிஸ்கோ பாட்டை ஊருக்கே அலறவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்த இருவரும் முப்பது வருஷத்துக்கு முந்தைய சத்தத்தைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு விசேஷம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பாயின் கிட்டார் திடீரென்று தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும். பிறகு மெல்லத் திரும்பி வரும்.

"நடுவுல எங்க பாய் போறீங்க?" என்று டீச்சர் பாய்ந்தார்.

"அந்த எடத்துல சிக்னல் போயிடும் டீச்சரம்மா. நான் கேட்டப்ப அப்படித்தான் வந்துச்சு."

"அப்ப திரும்ப எப்ப வருவீங்க?"

"வரும். காத்து மாறணும்."

பாய் கற்றுக்கொண்டது ரேடியோவில் கேட்டபடியே, இரைச்சல் உட்பட. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த இடைவெளியை விடவில்லை. கிட்டார் ஓய்கிற இடத்தில்தான் தன் முக்கியமான வசவை வைத்தார்.

முதல் பாட்டு, பிழையை ரப்பரால் அழித்துப் பேப்பரைக் கிழிப்பவர்களைப் பற்றி. இரண்டாவதுதான் பெரியது. டீச்சரைப் பெண் பார்க்க அந்தக் காலத்தில் ஒன்பது குடும்பம் வந்திருக்கிறது. ஒன்பதும் சாப்பிட்டது, பாடச் சொல்லிக் கேட்டது, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று எழுந்து போனது. எந்த வீட்டிலிருந்தும் ஒரு கார்டுகூட வரவில்லை. டீச்சர் அதை எழுதினார்:

*பஜ்ஜி துன்னீங்க, கேசரி துன்னீங்க,*
*பாட்டும் பாடச் சொன்னீங்க,*
*லெட்டர் போடுறோம் லெட்டர் போடுறோம்னு*
*கையத் தொடைச்சிப் போனீங்க!*
*போஸ்ட்மேன் வந்தான், போயிட்டான்,*
*ரிட்டயர் கூட ஆயிட்டான்...*

இங்கே கிட்டார் ஓயும். அந்த அமைதியில் டீச்சர் கேட்பார்: *லெட்டர் எங்கடா?*

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.

ஒத்திகைக்கு பாயம்மாவும் வருவார், பாயின் மனைவி. ஒரு காது சுத்தமாகக் கேட்காது. மறுகாதை டீச்சர் பக்கம் திருப்பிவைத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும், "மொத பாட்டுல கோவம் பத்தல" என்று தீர்ப்பு சொல்வார். அவர் ஒருவர் விமரிசனத்தைத்தான் டீச்சர் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் எங்கள் ஆபீஸ் ஊழியர் மன்ற ஆண்டு விழாவுக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். இவர்கள் இருவரையும் பாடக் கூப்பிட்டேன். கலை வளர்க்கிற எண்ணமெல்லாம் இல்லை. டீச்சர் மனம் குளிர்ந்தால் எனக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் மிஷின் கிடைக்கும் என்ற அற்பக் கணக்கு.

ஆபீஸ் வளாகத்தில் பந்தல். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்கள், முன்னால் தாசில்தார். பாய் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை.

"இன்னா பாய், ஆரம்பிக்கலாமே?" என்றார் ஹெட் கிளார்க்.

"வால்வு சூடாவணும்."

டீச்சருக்கு அந்த அவசியம் இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் முன்வரிசையைப் பார்த்து, "காலை மடக்கி ஒக்காருங்க. ஆபீசுல நீட்டுறது பத்தாதா?" என்று தொடங்கிவிட்டார்.

ரப்பர் பாட்டுக்கு ஆண்கள் பக்கம் நல்ல கைதட்டல். அடுத்தது லெட்டர். முதல் சரணம் முடிவதற்குள் வலப்பக்கம் அடங்கிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எங்காவது ஒரு வீட்டில் பஜ்ஜி தின்று கையைத் துடைக்காதவர் யாரும் இல்லை. இடப்பக்கம் அதற்கு நேர்மாறு. முதலில் சிரிப்பு, அப்புறம் ஒரு முணுமுணுப்பு, மூன்றாவது தடவை கிட்டார் ஓய்ந்தபோது டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே நாற்பது பெண்கள் ஒரே குரலில் கேட்டார்கள்: "லெட்டர் எங்கடா?"

ஹெட் கிளார்க் எழுந்து நின்றார். "இன்னாம்மா இது? மரியாதை இல்லாம! ஆம்பளைங்க ஒக்காந்திருக்கோம், நிறுத்து!"

அவர் மனைவி அந்தப் பக்கத்திலிருந்து எழுந்தார். "நீங்க ஒக்காருங்க. போன வாரம் நம்ம பையனுக்குப் பாத்துட்டு நாமளும் அதைத்தானே சொல்லிட்டு வந்தோம்? போட்டாச்சா லெட்டரு?"

பந்தல் அதிர்ந்தது. "இன்னொரு தபா பாடுங்க டீச்சர்!" என்று கூச்சல். பாடினார். மூன்று தடவை.

அந்தச் சந்தோஷம் ஞாயிறு வரைதான். திங்கட்கிழமை ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டு ஒரு மனுவைக் கையால் எழுதிக் கொடுத்தார். தாசில்தாருக்கு. மேற்படி பெண்மணி வயதுக்குப் பொருந்தாத வகையில் கூச்சலிட்டுக் கடைத்தெருவின் அமைதியைக் கெடுக்கிறார், பயிலகத்தை அங்கிருந்து அகற்ற வேண்டும். அதற்குக் கீழே ஒரு வரி: மேற்படி இஸ்லாமிய நபருடன் அவர் பழகும் விதம் ஊரில் பலவாறாகப் பேசப்படுகிறது.

"நீட்டா அடிச்சி எடுத்துட்டு வா. உன் வேலை நிரந்தரம் ஃபைல் எங்கிட்டதான் இருக்குது" என்றார்.

ஆபீஸ் மிஷினில் ரிப்பன் தீர்ந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை எடுத்துக்கொண்டு டீச்சரின் இன்ஸ்டிடியூட்டுக்கே போனேன். என் நேரத்தில், என் ஏழாம் நம்பர் மிஷினில், டீச்சர் கடைசி வரிசையில் இருக்கிறார் என்ற தைரியத்தில் அடிக்க ஆரம்பித்தேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தன் நடந்துகொள்ள முடியுமா என்று நானும் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். அகப்படவில்லை.

பாதியில் தோளுக்குப் பின்னால் கஞ்சிப் புடவையின் சரசரப்பு கேட்டது. ஸ்கேல் வந்து பேப்பரில் நின்றது.

"'வயதுக்கு பொருந்தாத'வா? நடுவுல 'ப்' எங்க?"

என் விரல் 'ப்' எழுத்தைத் தேடிப் போனது.

"'கூச்சலிட்டு'ன்னு இன்னா அடிச்சிருக்க? 'பெருங்கூச்சலிட்டு'ன்னு அடி. திட்டுறதையாவது முழுசா திட்டு."

ஸ்கேல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அங்கே நின்றுவிட்டது.

"இந்த வரிய யாரு சொன்னது?"

"ஹெட் கிளார்க் சார் டீச்சர்... அவருதான்..."

"சொன்னது அவரு. அடிச்சது யாரு வெரல்?"

அவர் கத்தியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். குரலே உயரவில்லை. பேப்பரை உருவி எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுப் பேப்பரை அவரே மிஷினில் மாட்டினார். "திரும்ப அடி. ஒரு தப்பு இருக்கக்கூடாது. எங்கிட்ட படிச்சவன் அடிச்சதுன்னு தெரியணும்."

அடித்தேன். ஒரு பிழை இல்லை. என் வாழ்க்கையில் நான் அடித்த முதல் சுத்தமான பக்கம் அதுதான். அதை எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஹெட் கிளார்க் பேனாவை என்னிடம் நீட்டினார். எட்டாவதாக நானும் போட்டேன்.

மனுவின் நகல் ஒன்று கட்டடத்துக்குச் சொந்தக்காரரான அரிசி மில்காரருக்குப் போனது, அவர் இருவரையும் காலி செய்யச் சொன்னார். அந்த ஒரு வரி மட்டும் அங்கிருந்து டீக்கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போனது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணும் அறுபது வயது ஆணும் சேர்ந்து பாடினால் அதில் ஊருக்கு என்ன தெரிந்ததோ, சிரித்தார்கள். நேற்றுவரை ரிப்பேருக்கு ரேடியோ கொடுத்தவர்கள் சிரித்தார்கள். பாய் கிட்டாரை மறுபடி லுங்கியில் சுற்றிவிட்டார்.

"நான் விட்டுடறேன் டீச்சரம்மா. உங்க பேரு கெட்டுப்போவுது."

டீச்சர் அந்தக் கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில் கேசட்டுக்காரன் டிஸ்கோவை நிறுத்தினான். "ஒம்போது பேரு லெட்டர் போடுறோம்னு சொல்லிட்டுப் போனானுங்க. நீங்க பத்தாவதா? போறதா இருந்தா போங்க பாய். உங்க பாட்டுல போறீங்களே, அது மாதிரி திரும்பி வரணும்!"

பாய் லுங்கி மூட்டையை உள்ளறையில் வைத்தார். அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டார்.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை. தாசில்தார் அறையில் ஒரு பக்கம் மனுதாரர் எட்டுப் பேர், என்னையும் சேர்த்து. எதிரே டீச்சரும் பாயும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல். ஹெட் கிளார்க் மனுவை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது கதவு திறந்தது. பாயம்மா உள்ளே வந்தார்.

"யாரும்மா நீ? உன்னைக் கூப்பிடலையே" என்றார் ஹெட் கிளார்க்.

"அதான் வந்தேன். கூப்பிட மாட்டீங்கன்னு தெரியும்." பாயம்மா நல்ல காதைத் தாசில்தார் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஐயா, அந்த மனுசன் எனக்குப் புருசன். இந்த எட்டுப் பேருக்கு இருக்குற கவலை எனக்கு இல்லையே, அது ஏன்னு ஒருத்தராவது எங்கிட்ட வந்து கேட்டாங்களா?"

ஹெட் கிளார்க் மனுவை மடிக்க ஆரம்பித்தார்.

"கல்யாணமாயி நாப்பது வருசம். வூட்டுல பத்து வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. எனக்கு ஒரு காது போயிடுச்சு, மிச்சம் இருக்குறதுக்கும் சன்னமா பேசினா எட்டாது. இவரு கொரல் எப்படி இருக்கும்னே மறந்துட்டேன் ஐயா. டீச்சரோட சேந்து மைக்குல பாட ஆரம்பிச்சாரு, இப்பத்தான் கேக்குறேன். நல்லா இருக்குது. அதை நிறுத்தணும்னு எழுதினது யாரு, எழுந்து நில்லுங்க பாப்போம்."

எட்டுப் பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். பாய் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

தாசில்தார் மனுவைத் தள்ளுபடி செய்தார். இரண்டு தரப்பையும் 'எச்சரித்தார்', எதற்கு என்று அவருக்கும் தெரியாது. ஆனால் மில்காரர் மனம் மாறவில்லை. மாடியும் கடையும் இரண்டும் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஒன்பது மிஷினும் படியிறங்கின. தூக்கியவனை டீச்சர் படிக்கு ஒரு தடவை திட்டினார். ஊரில் எவனும் வந்து, "தப்பு பண்ணிட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெட் கிளார்க் மட்டும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது" என்றார். அந்த டீயைக் குடித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

திருவண்ணாமலை ரோட்டில் பாய் வீட்டுப் பின்னால் ஆட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. பாயம்மா ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் சாணி மெழுகிக் கொடுத்தார். இன்ஸ்டிடியூட் அங்கே நடந்தது. பிள்ளைகள் பாதிக்குமேல் நின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அடித்த பேப்பரை ஆடு தின்றது. "பிழை இருக்குற பக்கத்த மட்டும் துன்னுது பாரு, உங்கள விட அதுக்கு அறிவு" என்றார் டீச்சர். வகுப்பு முடிந்ததும் பாய் சுவிட்சைப் போடுவார், வால்வு சூடாகும்.

நான் இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பரீட்சை நெருங்கியதும் வெட்கத்தை விட்டுப் போய் நின்றேன். டீச்சர் ஏழாம் நம்பரைக் காட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தடவை பாஸ். வேலை நிரந்தரமாகி விழுப்புரத்துக்கு மாற்றலும் வந்தது.

கிளம்புகிற அன்று பெட்டியோடு கொட்டகைக்குப் போனேன். நாலரை மணி பஸ். பாய் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார், டீச்சர் அது சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பாயம்மா ஸ்டூலில் இருந்தார்.

"டீச்சர், அந்த மனுவுல எட்டாவது கையெழுத்து..."

"தெரியும். கோணலா இருந்துச்சு."

"என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்."

"மாட்டேன்" என்றார். "மன்னிச்சிட்டா உன்னை வச்சி எழுதின பாட்டை இன்னா பண்றது? பாய், அதை எடுங்க. ஏழு, நீ ஒக்காரு."

பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன். பாய் அந்த மூன்று பிடிகளில் முதலாவதைப் பிடித்தார். டீச்சர் என்னை நேராகப் பார்த்துப் பாடினார்: *வெரலு பத்தும் ஓடுது தம்பி, முதுகெலும்பக் காணலியே...* பாய் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். ஒவ்வொரு வரியும் எனக்கு வேண்டியதுதான். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ரோட்டில் நாலரை மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. என்னைத் திட்ட இன்னும் இரண்டு சரணம் மீதி இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.